ஒரே தொட்டியில் ஐந்து ஓடைகள்

செங்காங் வட்டாரத்திலுள்ள அக்காள் வீட்டிலிருந்து திரும்பிய ஹம்னா, மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததுமே நின்றுவிட்டாள். தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடியில் அவள் வீடு. வாசலோரம் வைத்துவிட்டுப் போன ஐந்து வாளிகளும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

பயப்படாமல் கேளுங்கள், யார் உயிருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாளிகளில் அவள் ஆராய்ச்சிக்காக வளர்த்த செடிகள் இருந்தன.

"வந்துட்டியாம்மா!" பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி கதவைத் திறந்தார். சந்தையின் மேல்தளத்தில் தையல்கடை வைத்திருப்பவர். "கொசு செக் பண்றவங்க வந்தாங்க. கீழ டெங்கி பேனர் கட்டிட்டாங்கள்ல? மாடி மாடியா டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே வர்றாங்க. உன் வாசல்ல அஞ்சு வாளித் தண்ணி! எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. எல்லாத்தையும் ஊத்திட்டேன்."

"வலை போட்டு மூடித்தானே ஆண்ட்டி வச்சிருந்தேன்?"

"ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு லா. கொசுவுக்கு அது போதாதா?"

"செடியெல்லாம்?"

"குழந்தை மாதிரி குளிப்பாட்டி வச்சிருக்கேன். வந்து பாரு."

அவர் வீட்டுக் குளியலறையில் ஒரு நீலத் தொட்டி. வெற்றிலையைச் சிறிதாக்கினாற்போன்ற இலைகள், சேறெல்லாம் போய், நெருக்கியடித்துக்கொண்டு மிதந்தன. பக்கத்தில் ஐந்து பிளாஸ்டிக் அட்டைகள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டியபடி. வாளிக்கு ஒன்றாக ஹம்னா செருகி வைத்திருந்த இடப்பெயர்கள் அவை.

ஹம்னா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மலேசியக் காட்டோடைகளில் தானாக வளரும் அந்த நீர்ச்செடிதான் அவளுடைய ஆராய்ச்சி. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே, உயிரணுவுக்குள் நூல்நூலாக இருக்கிற குரோமோசோம்கள் மட்டும் ஒன்றுபோல இருக்காது. தெற்கேயுள்ள செடிகளில் முப்பத்து நான்கு, வடக்கே போனால் அதன் இரட்டிப்பு, அறுபத்தெட்டு என்பது அவளுடைய ஊகம். எந்த இடத்தில் மாறுகிறது? அதற்காகத் தெற்கிலிருந்து வடக்குவரை ஐந்து ஓடைகளில் இறங்கி எடுத்து வந்திருந்தாள். பல்கலைக்கழகச் செடிக்கொட்டகையின் கூரையைப் பழுதுபார்க்கிறார்கள் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தாள். புது வேர் முளைத்ததும் நுனியை வெட்டி நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். இப்போதுதான் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்திருந்தன.

அட்டையை வாளியில் செருகாமல் செடியில் கட்டியிருக்கலாம். இப்போது எந்தச் செடி எந்த ஓடையுடையது என்று தெரியாது.

நான்கு ஓடைகளுக்குத் திரும்பப் போகலாம். நடு ஓடைக்குப் போக முடியாது. அவள் செடி எடுத்து வந்த பிறகு சாலை போடுவதற்காக அதை மண்ணுக்கடியில் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள். மாற்றம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல வேண்டியதும் அந்த ஓடைதான்.

கூடப் படிக்கும் ரியாஸைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஏன் இவ்ளோ டென்ஷன்?" என்றான் அவன். "எண்ணிப் பாரு. முப்பத்து நாலு வந்தா சவுத் அட்டையைக் கட்டு. அறுபத்தெட்டு வந்தா நார்த்."

"தெற்குல முப்பத்து நாலா இல்லையான்னுதானே ரியாஸ் நான் பார்க்கவே போறேன்?"

"யாருக்குத் தெரியப் போவுது லா?"

அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள். யாருக்கும் தெரியாது என்பதுதான் உள்ளே உறுத்தியது. ஓடைகளைக் குறிக்கும் வரைபடம் அழகாக வந்துவிடும். தெற்கே ஒரு நிறம், வடக்கே ஒரு நிறம். நடு ஓடைக்கு எது வசதியோ அது.

குளியலறை வாசலில் பாக்கியலட்சுமி நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனாம்மா?"

ஹம்னா நடந்ததைச் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

"ஐயோ, இவ்ளோதானே!" பாக்கியலட்சுமி தொட்டியருகே குந்தினார். "என் கையால எடுத்துப் போட்டது, எனக்குத் தெரியாதா? இந்தா, இது சிவப்பு வாளி. இந்த ரெண்டும் ஓரத்து வாளி. நடு வாளிதான உனக்கு வேணும்? இலை கொஞ்சம் கிழிஞ்சிருந்துச்சு. இதோ."

ஹம்னாவுக்கு உயிர் திரும்பியது போலிருந்தது. நடு ஓடையின் அட்டையை எடுத்து அந்தச் செடியில் கட்டக்கூடப் போனாள். ஆனால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதானே என்று சந்தேகம் வந்தது. செடியை மறுபடி தொட்டியில் போட்டு, தண்ணீரை இலேசாகக் கலக்கிவிட்டாள்.

"ஆண்ட்டி, இன்னொரு தடவை காட்டுங்களேன். நடு வாளி எது?"

பாக்கியலட்சுமி தேடினார். ஒன்றைத் தூக்கினார், கீழே விட்டார். கடைசியில் இன்னொன்றை எடுத்து நீட்டினார். அதன் இலையும் கிழிந்துதான் இருந்தது.

"இதுன்னு நினைக்கிறேன்..." என்றார். அப்புறம் குரல் உடைந்தது. "தெரியலைம்மா. உனக்கு ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக் குடுத்துடணும்னு இருக்கு, அவ்ளோதான்."

ஹம்னா அவர் கையிலிருந்து செடியை வாங்கித் தண்ணீரில் விட்டாள். ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் டாக்டர் சுசீலாவின் எண்ணை அழுத்தினாள்.

"டாக்டர், செடியெல்லாம் உயிரோட இருக்கு. ஆனா எது எந்த ஓடையிலேர்ந்து வந்ததுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

டாக்டர் சுசீலா உடனே கேட்டது ஒன்றுதான்.

"நடு ஓடையும் சேர்த்தா?"

"அதுவும்தான்."

"மத்த நாலுக்கும் மறுபடி போயிட்டு வா. அந்த இடத்தை மேப்ல வெறுமையா விடு," என்றார் டாக்டர். கோபமா வருத்தமா என்று குரலில் தெரியவில்லை. "ஏன் வெறுமைன்னு கீழ நீயே எழுதணும்."

"சரி, டாக்டர்."

பாக்கியலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அந்த நடு ஓடைச் செடி போயே போச்சா?"

"போகல, ஆண்ட்டி," என்றாள் ஹம்னா. அவளும் பக்கத்தில் குந்தினாள். "இந்தத் தொட்டிக்குள்ளதான் எங்கேயோ இருக்கு."