ருத்தேனியமும் எட்டு நீல பேரல்களும்

முனைவர் தமிழழகனுக்குச் சாதாரணமாகப் பேச வராது. டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்பதைக்கூட எதிரே மைக் இருப்பதுபோல் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வார். கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் அவர் வேதியியல் துறைத் தலைவர். ஜூன் மாதம் அங்கே முதல்வர் நாற்காலி காலியாகிறது. அதில் உட்காராமல் போனால் கட்டை வேகாது என்ற நிலையில் இருந்தார் மனிதர்.

நாற்காலியைத் தரவேண்டியவர் தாளாளர் செல்லமுத்து. ஜவ்வரிசி ஆலையில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். ஆலையிலிருந்து வழியும் மரவள்ளிக் கழிவுநீர் நாலு ஊருக்கு நாறும். அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறிவிடலாம் என்று தமிழழகன் கணக்குப் போட்டார்.

"ஐயா, அது நாற்றமல்ல, கார்பாக்சிலிக் அமிலம். என்னுடைய இரட்டை உலோக வினையூக்கி அதை ஆல்கஹாலாக மாற்றிவிடும். ருத்தேனியம் ஹைட்ரஜனைப் பிளக்கும். வெள்ளீயம் அமிலத்தின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். தனித்தனியே ஒப்பேறாது, சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். கணவன் மனைவி போல."

"எங்கூட்டுல அப்பிடி ஒண்ணும் நடக்கலியே" என்றார் செல்லமுத்து. "சரி, செஞ்சி காட்டுங்க சாரு. வெளியூரு நிபுணரு ஒருத்தர இட்டாறேன். அவரு தலையாட்டிட்டார்னா நாக்காலி உங்குளுக்குத்தான்."

வினையூக்கி உருப்படுவதற்கு முன்பே அதற்குத் 'தமிழழகன் வினையூக்கி' என்று பெயர் வைத்து, காபிக் கோப்பைகளில் அச்சடித்தாகிவிட்டது. கழிவுநீரைக் கல்லூரிக்குள் வைத்தபோது பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எனவே கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் தாளாளருக்கு இருந்த மரவள்ளித் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்கு அதை ஏற்றினார்கள். வாசலில் 'மலைவள உயர் ஆய்வு மையம்' என்று பலகை. உள்ளே வினையூக்கி போட ஒரு ரியாக்டர் மெஷின், பக்கத்தில் எட்டு நீல பேரல்கள், வாய்க்குச் சாக்குத் துணி கட்டி. கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன அந்த மலையில் ஆடு மேய்ப்பவர்கூட அப்படி எட்டு பேரலை வைத்துக்கொள்ள யோசிப்பார். முனைவர் பட்டம் வாங்கியவருக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஆய்வு மாணவி அபிநயா மட்டும் பேரலின் சாக்கை விலக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கருணாபுரத்துப் பெண். கள்ளச்சாராயத்தால் அவள் தெருவில் வரிசையாகச் சாவுப் பந்தல் போட்ட ஆண்டை அவள் மறப்பதற்கில்லை. தமிழழகன் இதற்கு 'ஆய்வுக்கூட ஒவ்வாமை' என்று பெயர் வைத்திருந்தார்.

ஒருநாள் அவள் வந்து நின்றாள். "சார், வினையூக்கி போடாமியே ஒருதபா ஓட்டிப் பாத்தேன். அதே அளவு எத்தனால் வருது சார்."

"கருவியைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாய்."

"கழுவுனேன் சார். நம்ம வினையூக்கி வேலை செஞ்சா கழிவுல இருக்குற பியூட்ரிக் ஆசிட்டும் பியூட்டனாலா மாறணும் இல்ல? அது அப்பிடியே கெட்டுப்போன வெண்ணெ மாரி நாறிக்கினு கீது. கழிவுல மாவு இருக்குது சார். பேரல்லயே புளிச்சி எத்தனால் ஆயிடுது. நம்ம மெஷினு அத்த சூடுபண்ணி வெளிய எடுக்குது, அவ்ளோதான்."

"உன் ஆய்வேட்டில் நான் கையெழுத்துப் போடவேண்டும். ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்குது சார்."

"பிறகென்ன?"

அபிநயா கருவியைக் கழுவப் போய்விட்டாள். விஞ்ஞானத்தில் இப்படித்தான் ஐயங்களைக் களையவேண்டும் என்று தமிழழகன் திருப்தியடைந்தார்.

செயல்விளக்க நாள் வந்தது. வாசலில் ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், பொன்னாடை. செல்லமுத்துவும், காரில் வந்ததிலிருந்து வாயே திறக்காத நிபுணரும் நின்றார்கள். தமிழழகன் "அறிவியலின் பொன்னாள்" என்று ஆரம்பித்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. மதுவிலக்கு போலீஸ். காற்று கொண்டுபோன வாசனை வேலையைச் செய்திருந்தது.

இன்ஸ்பெக்டர் சுபஸ்ரீ நேராக உள்ளே போய் ஒரு பேரலின் சாக்கை விலக்கினார். "யாருது இது?"

"என்னுடையது" என்றார் தமிழழகன், பெருமை பொங்க. செல்லமுத்து அவர் காலை மிதிக்க வந்தார், அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

"ஊறலா?" சாராயம் காய்ச்சப் புளிக்க வைக்கும் கலவைக்கு மலையில் அதுதான் பெயர்.

"சேச்சே, தொழிற்சாலைக் கழிவுநீர் அம்மா. இதோ இந்த ரியாக்டரில் சூடாகும். ஆவி இந்தக் குழாய் வழியே போய்க் குளிரும். ஆல்கஹாலாகக் குடுவையில் சொட்டும்."

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அடுப்புதான் மேடம் இல்ல. சாரு கரண்டுல ஓட்றாரு."

"அப்போ காய்ச்சுறேன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

"தொண்ணூற்று நாலு சதவீத விளைச்சல்!" என்றார் தமிழழகன், ஏதோ அந்த எண் காப்பாற்றும் என்பதுபோல.

"லைசென்ஸ்?"

இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வினையூக்கி உண்மை என்றால் சாராயம் காய்ச்சியவர் அவர். பேரலிலேயே சாராயம் இருந்தது என்றால் ஊறல் போட்டவர் அவர். தப்பிக்க ஒரே சந்துதான் இருந்தது: கழிவு தானாகப் புளித்தது, மெஷின் எதற்கும் லாயக்கில்லை.

"அபிநயா, அம்மாடி, நீ செஞ்ச அந்த டெஸ்ட்டு... மேடத்துக்குச் சொல்லும்மா." மேடைத் தமிழ் எங்கேயோ போயிருந்தது.

"எந்த டெஸ்ட்டு சார்? கருவிய சரியா கழுவாம செஞ்சனே, அதா?"

"உன் கால்ல வேணா வுழறேன்மா!"

அபிநயா இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, "சாராயம் காய்ச்சுற அளவுக்குச் சாருக்கு விஷயம் பத்தாதுங்க மேடம்" என்று முடித்தாள். தமிழழகன் நன்றியோடு தலையாட்டினார்.

"சாம்பிள் லேபுக்குப் போவும், அப்பால பாக்கலாம்" என்றார் சுபஸ்ரீ. "பேரல கவுத்துடுங்க. சார், மெஷினு எதுவும் செய்யாதுன்னு உங்க வாயால சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறேன்." செல்போனை நீட்டினார்.

தமிழழகன் சொன்னார். நிபுணர் முதல்முறையாக வாயைத் திறந்தார்: "ருத்தேனியம் வெல ஜாஸ்திங்க."

எட்டு பேரலும் கவிழ்ந்து, கழிவு மரவள்ளிப் பாத்திகளுக்குள் ஓடியது. செல்லமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, குளிருக்குப் பொன்னாடையைத் தானே போர்த்திக்கொண்டார். "நாளிக்கே பேப்பர்ல வெளம்பரம் குடுத்துர்றேன் சாரு. பிரின்சிபால் தேவைன்னு." கார் கதவு சாத்திக்கொண்டது. முன்சீட்டில் நிபுணர், பின்சீட்டில் அபிநயா.

"சார், காத்து சத்தத்துல பதிவு சரியா வுழல" என்றார் சுபஸ்ரீ. "இன்னொரு தபா."

தமிழழகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். செல்போனைப் பார்த்ததும் நெஞ்சு பழக்கத்தில் தானாக நிமிர்ந்தது. மலை அதிர, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்திச் சொன்னார்:

"தமிழழகன் வினையூக்கி எதுவும் செய்யாது!"