ஊசியும் புழுவும்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்தில், ஒரு குடியிருப்பின் முதல் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. சாமிக்கு ஏற்றியது அல்ல. ராசாத்தியின் வலது பாதத்திலிருந்து வரும் வாடையை மறைக்க ஏற்றியது. கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, வாசல் கதவுக்குப் பின்னால் ஒன்று. அப்படியும் வாடை படியிறங்கிப் போய்விட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கீழ்வீட்டு லின்சி முந்தின நாள் படியில் நின்று கேட்டேவிட்டாள்.

“அக்கா, என்னமோ வாடை வருதே, உங்க வீட்டுலயா?”

“எலி ஏதோ செத்துக் கிடக்கு போல லின்சி. தேடிக்கிட்டுதான் இருக்கோம்.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட ராசாத்திக்குத் தன் வாயின் மேலேயே அருவருப்பு வந்தது. உயிரோடு இருக்கும் தன் காலைச் செத்த எலி என்று சொல்லிவிட்டாளே.

அவள் கணவர் தர்மராஜ் கைலாசபுரத்தில் பெரிய தொழிற்சாலையில் குழாய்களைப் பற்றவைத்தே ஆயுளைக் கழித்தவர். அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தவரை நல்ல மனிதர்தான். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கம் வந்த பிறகு பொழுது போகவில்லை. ஞாயிறுதோறும் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடும், ‘ஆசான்’ என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர் நடத்தும் இயற்கை வாழ்வுச் சங்கத்தில் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததோடு நின்றிருந்தால் தேவலை. அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் டீத்தூள் போயிற்று, டூத் பேஸ்ட் போயிற்று. ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்து, ராசாத்தியின் இன்சுலின் மருந்தை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார்.

“ஃபாக்டரியில செஞ்சது உடம்புக்குள்ள எதுக்கு? பாகற்காய்ச் சாறு இருக்கு, ஆவாரம்பூ இருக்கு. இயற்கையை நம்பு ராசாத்தி.”

அவள் அன்றே சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வருஷக்கணக்காக வயிற்றில் குத்திக் குத்தி அவளுக்கும் சலித்துப் போயிருந்தது. ஊசி இல்லாமல் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் கேட்க இனிக்காது. பாதத்தில் செருப்பு கடித்த சின்னப் புண் ஆறாமல் பெரிதானபோது, “கழிவு வெளிய போகுது, நல்லதுதான்” என்றார் தர்மராஜ். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அவரே கட்டுப் போட்டார். சர்க்கரை நோய் ஏற்கெனவே அந்தக் காலின் உணர்ச்சியைத் தின்றிருந்ததால் வலி தெரியவில்லை. வலி இல்லாததையும் இயற்கையின் கணக்கிலேயே எழுதிக்கொண்டார் மனிதர்.

இந்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டு விழா. ஊசியை விட்டு நலம் பெற்றவள் என்று ராசாத்தியை மேடையேற்றுவதாக ஏற்பாடு. அதற்காகக் காலையிலேயே புதுக் கட்டுப் போட உட்கார்ந்தார் தர்மராஜ். பழைய கட்டைப் பிரித்து வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டார். குனிந்து பார்த்த ராசாத்தியின் கண்ணில் தண்ணீருக்குள் வெள்ளையாக ஏதோ நெளிவது பட்டது. அதன் பக்கத்தில் இன்னொன்று. நொண்டிக்கொண்டே ஓடி வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள்.

“ஏங்க, புழுங்க. என் கால்ல புழு வச்சிருக்குங்க.”

“பதறாதே. முந்தாநாளே பாத்துட்டேன். புழு அழுகினதை மட்டும்தான் திங்கும், நல்ல சதையைத் தொடாது. அதுவும் இயற்கை கொடுத்த வைத்தியம்தான். ஆசான்கிட்டயே கேட்டுட்டேன்.”

முந்தாநாளே பார்த்தாராம். பார்த்துவிட்டு, அதன் மேலேயே இலையை அரைத்து அப்பி மூடினாராம். ராசாத்தி கணவரின் முகத்தைப் பார்த்தாள். அதில் கொஞ்சமாவது பயம் இருக்கும் என்று தேடினாள். மேடை ஏறப்போகிற பூரிப்புதான் இருந்தது. புழுவைப் பார்த்தபோது வந்ததைவிட அதிகக் குமட்டல் அந்த முகத்தைப் பார்த்தபோது வந்தது.

கட்டுப் போட்டு முடித்ததும் அவர் அலமாரியைத் திறந்து மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். தினமும் நடப்பதுதான். அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

“அது மட்டும் எந்த மரத்துல காய்ச்சுது?”

“இது வேற ராசாத்தி. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. மாத்திரையை நிறுத்தினா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

ராசாத்தி எழுந்தாள். முகம் கழுவி நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். தர்மராஜ் ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் கீழே இறங்கி லின்சியின் கதவைத் தட்டினாள். “எலி இல்ல லின்சி, என் கால்தான்” என்று மட்டும் சொன்னாள். லின்சி கட்டை லேசாக விலக்கிப் பார்த்தாள்.

“இப்பவே ஆஸ்பத்திரி போகணும்க்கா. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காலே போயிடும்.”

“போவோம், நீயும் கூட வா. வழியில மண்டபத்துல ஒரு நிமிஷம். அங்க எத்தனை பேரு ஊசியை விட்டுட்டு உக்காந்திருக்காங்களோ தெரியல. ஆட்டோ வெளியிலயே நிக்கட்டும்.”

மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கதர் ஜிப்பா போட்ட ஆசான் நடுநாற்காலியில் வீற்றிருந்தார். அவருக்குப் பின்னால் வைத்திருந்த பூக்கூடை பிளாஸ்டிக். தர்மராஜ் மைக்கில் மனைவியைப் பற்றி வாய் நிறையப் பேசி அழைத்தார். ராசாத்தி லின்சியைப் பிடித்துக்கொண்டு மேடையேறினாள். போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துக் காலை நீட்டினாள்.

முன்வரிசை எழுந்து நின்றது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஆசான் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

“மூடுங்கம்மா, மூடுங்க. சகிக்கல. சபையில இப்படியா காட்டுறது?”

ராசாத்தி மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“எதுக்கு மூக்கைப் பொத்துறீங்க ஐயா? இது இயற்கை வைத்தியம்னு நீங்கதானே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்க. அந்த வைத்தியர்தான் நெளியுறாரு, பாருங்க. எனக்கு ஊசி மருந்து செயற்கைன்னு கீழ ஊத்தினவரு, தன் நெஞ்சுக்கு மட்டும் தினம் மாத்திரை போடுறாரு. இங்க சர்க்கரைக்காரங்க எத்தனை பேரு ஊசியை விட்டிருக்கீங்க? கையைத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. ஆனால் பின்வரிசையில் சிலர் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். லின்சி மைக்கின் பக்கம் குனிந்தாள்.

“உடம்பு சுரக்க வேண்டிய இன்சுலின் சுரக்கலன்னுதாங்க அதையே வெளியில செஞ்சு தர்றாங்க. ஊசியை விட்டவங்க இன்னைக்கே டாக்டரைப் பாருங்க.”

தர்மராஜ் மேடைக்கு ஓடிவந்தார். ஆசானைப் பார்த்தார். ஆசான் அதற்குள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு படியிறங்கிவிட்டிருந்தார். தானே கட்டுப் போட்ட மனைவியின் காலைத் தர்மராஜ் முதன்முறையாகப் பயத்தோடு பார்த்தார்.

“இயற்கையா இருந்தா கெடுதல் வராதுன்னு நம்பிட்டேன் ராசாத்தி. எந்திரி, நான் பிடிச்சுக்கிறேன்.”

அவர் நீட்டிய கையை அவள் தொடவில்லை. லின்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“எங்கப்பா லால்குடியில நெல்லு போட்டவரு. வயல்ல தானா முளைச்சது கோரை. அதைப் பிடுங்கிப் போட்டு, வெட்டுன வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சி, மனுசன் நட்டதுதான் நெல்லு. அதுல எது இயற்கை, எது செயற்கைன்னு எங்க வீட்டுல யாரும் கேட்டதில்ல. சோறு போடுமா, போடாதான்னுதான் கேட்டோம். நீங்களும் அதையே கேளுங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, என்ன பண்ணும்னு கேளுங்க. அதைக் கேக்காததுக்கு என் காலு போகப்போகுது. உங்களுக்காவது காலு மிஞ்சட்டும்.”