விஜி சொன்ன நாலு

1

இந்தக் கதை ஒரு எண்ணிலிருந்து வந்தது. போன மாசியில் ஒரு சாயங்காலம், என் மனைவி தன் வலி ஏழிலிருந்து நாலுக்கு இறங்கிவிட்டது என்று சொன்னாள். ஆறாம் நாள் இறந்துபோனாள். அந்த நாலு உண்மைதானா என்று எனக்குத் தெரிய வேண்டும். அவள் வேலை பார்த்த மருத்துவமனை தன் ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை கேட்டிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கட்டுரையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அதனால் கதை.

2

முதல் தொடக்கம்: டாக்டர் விஜயலக்ஷ்மி மயிலாப்பூரில் பிறந்து, மனநல மருத்துவத்தில் தங்கப் பதக்கம்

(நிறுத்திவிட்டேன். பதக்கம் எந்த பீரோவில் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.)

இரண்டாவது: மனத்தின் அவதி உடம்பில் எங்கே போய் உட்கார்கிறது என்பதை முப்பத்தோரு ஆண்டுகள் ஆராய்ந்த

(மேடைப் பேச்சு. விஜி கொட்டாவி விடுவாள்.)

மூன்றாவது: விஜி வேகமாகப் பேசுவாள்.

இது நிற்கும். வலியைக் குறைக்க அவள் செய்த ஹிப்னாஸிஸுக்கு மெதுவான குரல் வேண்டும். அவள் பேசினால் தூங்குகிறவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஆகவே அவள் எழுதித் தந்ததை நான் படித்தேன். ஒலிப்பதிவு செய்து அடையாறில் அவளுடைய ஆராய்ச்சி அறையில் நோயாளிகளுக்குப் போட்டாள். நான் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா.*

* "ஃபைல் படிச்சுப் படிச்சு வந்த குரல்" என்பாள். பாராட்டுத்தான்.

3

முதல் ஆராய்ச்சியில் நாற்பது பேர். எல்லோருக்கும் ரத்தக் கொதிப்பு, தீராத தலைவலி. விரலில் நாடித் துடிப்பு பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி என் குரலைக் கேட்பார்கள்: கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அலை வருகிறது, போகிறது. முன்னும் பின்னும் விஜி கேட்பாள், வலி பத்துக்கு எவ்வளவு என்று. நாற்பது பேருக்கும் எண் இறங்கியது. அவள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி மருத்துவ இதழுக்கு அனுப்பினாள். அன்று பாண்டி பஜாரில் எனக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தாள், குரலுக்காக.

(ஆரோக்கியமேரியை எப்படி உள்ளே கொண்டுவருவது? மூன்று முறை எழுதி அடித்தேன். ஒவ்வொரு முறையும் கதைக்காகக் கூப்பிட்டு நிறுத்தியவள் போல நின்றாள். நிஜத்தில் அவள் நிற்கவே மாட்டாள்.)

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவள், அந்த நாற்பது பேரில் ஒருத்தி. அவள் எண் எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருந்தது. அதே தாளில் நாடி எழுபத்தெட்டிலிருந்து நூற்று நாலுக்கு ஏறியிருந்தது. கட்டுரை போன பிறகுதான் விஜி அதைக் கவனித்தாள். அவளை வரச்சொல்லிக் கேட்டபோது, காபி ஃபிளாஸ்க்கோடு நானும் அந்த அறையில் இருந்தேன்.

"கடலாண்ட குந்திக்கினு கீறேன்னு இந்தாளு சொல்லச்சொல்ல எனுக்கு எங்கம்மா நிம்மதி? கடலுக்குள்ள போன எம் புருசன் வந்துட்டானான்னு தான பாப்பேன்?"

"அப்போ ஏன் ரெண்டுன்னு சொன்னே?"

"நீ பாவம். எம்மா நேரமா எழுதிக்கினே கீற. சொம்மா எட்டு எட்டுன்னா உனுக்கு மனசு கஸ்டமா பூடும்ல."

விஜி சிரித்தாள். ஆனால் மற்ற முப்பத்தொன்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டாள். பாதிக்கு மேல் அப்படித்தான். டாக்டரம்மா இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று எண்ணைக் குறைத்திருந்தார்கள். மயிலாப்பூரிலிருந்து மாலையில் காற்று வாங்கப் போகிறவளுக்குத்தான் கடல் நிம்மதி என்பதையும் அவளே எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். பெரிய டாக்டர்கள் திட்டினார்கள்.

அப்புறம் முதலிலிருந்து பதினோரு வருஷம். ஒவ்வொருவரிடமும் உனக்கு எங்கே நிம்மதி என்று கேட்டு, ஆளுக்கொன்றாக எழுதினாள். ஆரோக்கியமேரிக்கு, மீன் விற்றுத் தீர்ந்து காலிக் கூடையோடு பஸ்ஸில் ஜன்னலோரம். அதையும் நான்தான் படித்தேன். நாடி இறங்கியது. வலி எட்டிலிருந்து அஞ்சு. அந்த அஞ்சைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போது மட்டும் விஜியின் வேகம் குறையும். "எண்ணை மட்டும் கேக்காதீங்கோ, விரலையும் பாருங்கோ" என்பாள்.

4

விஜிக்குக் கணையத்தில் புற்றுநோய். வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அந்த மாசிச் சாயங்காலம், அடுத்த வலி மாத்திரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. என்னைப் படிக்கச் சொன்னாள். உனக்கு எங்கே நிம்மதி என்று முதல் தடவையாக அவளிடம் கேட்டேன். சொன்னாள். (அதை எழுத மாட்டேன்.) ஆரம்பிக்கும் முன் விரலிலிருந்த நாடிக் கிளிப்பைத் தானே கழற்றித் தலையணைப் பக்கம் வைத்தாள். காகிதமில்லாமல் நாற்பது நிமிஷம் பேசினேன்.

"ஏழா இருந்தது. இப்போ நாலு" என்றாள்.

5

முடிவு அ: கிளிப் விரலைக் கடித்தது, கழற்றினாள். நாலு உண்மை. அவள் கண்டுபிடித்தது கடைசியில் அவளுக்கே உதவியது. என் குரலும் அதில் இருந்தது. எவ்வளவு பெரிய கொடுப்பினை.

முடிவு ஆ: நான் பார்ப்பேன் என்று தெரிந்துதான் கழற்றினாள். வலி ஏழேதான். நான் பாவம் என்று நாலு சொன்னாள். இதுவும் கொடுப்பினை என்று எழுதிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன்.

(எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மலருக்கு இரண்டையும் அனுப்பப் போவதில்லை.)

ஒன்று பாக்கி. நாலு என்று சொன்ன பிறகு அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏன்னா, உங்களுக்கு எவ்வளவு?"

"ரெண்டு" என்றேன்.

அவள் விரல்கள் சரியாக என் நாடி மேல் இருந்தன. உதடு அசைய எண்ணினாள். ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள்.

"சரி, ரெண்டு" என்றாள். கையை எடுக்கவில்லை.