கூப்பிட்டேன், வரவில்லை

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, திருடினேன். ஒரு வக்கீல் ஆபீஸ் நோட்டில் இருபத்திரண்டு புதன்கிழமைகளுக்கு எதிரே, ஒரே கையெழுத்தில், ஒரே வரி இருந்தது: ‘கூப்பிட்டேன், வரவில்லை.’ அது எதைக் குறிக்கிறது என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் அடங்கவில்லை.

முதல் தொடக்கம்: அந்த வக்கீல் ஆமையை விட மெதுவாக—

(வேண்டாம். வக்கீலைத் திட்டி ஆரம்பித்தால் நீங்களும் உடனே தலையாட்டுவீர்கள். எனக்கும் வசதி. அந்த வசதிதான் உதைக்கிறது.)

இரண்டாவது: எல்லையில் குண்டு வெடித்தபோது—

(குண்டை நான் பார்த்ததில்லை. நாற்காலியைப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்தே போகலாம்.)

2

இரண்டாவது மாடி. வெளியறையில் ஆறு நாற்காலி, உள்ளறையில் வக்கீல், உள்ளறைக் கதவுக்கு அந்தப் பக்கம் குமாஸ்தாவின் மேசை. கடைசி நாற்காலியில் புதன்தோறும் ஒருவர் வந்து உட்காருவார். தெருவில் அவரைப் பட்டாளத்தார் என்பார்கள். படிக்கட்டில் யார் ஏறி வருகிறார்கள் என்று பார்க்காமல் உட்கார அவர் உடம்பு இடம் கொடுக்காது. வலது தோளைச் சுவரில் சாய்த்து, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளறைக் கதவு அவருக்கு இடது கைப்பக்கம்.

பட்டாளத்தில் பட்ட ஊனத்துக்கு ஓய்வூதியம் கிடையாது என்று வாரியம் கைவிரித்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தாக வேண்டும். அதற்கு ஒரு பிரமாணப் பத்திரத்தில் அவர் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் வக்கீல் சொன்னார்: “கூப்பிடுவாங்க, அதுவரைக்கும் உக்காருங்க.”

உத்தரவை மீறிப் பழக்கமில்லாத மனிதர். உட்கார்ந்தார்.

கூப்பிட்டு வராதவரின் கட்டு* அடுக்கின் அடிக்குப் போய்விடும், அது வக்கீலின் சட்டம். குமாஸ்தா மேசையை விட்டு எழாமல் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார். ஆள் வராது. நோட்டில் எழுதுவார். கட்டு அடிக்குப் போகும்.

* வழக்குக் காகிதங்களை நாடாவால் கட்டி வைத்தது. அந்த ஆபீஸில் மனிதர்களுக்கும் கட்டு என்றுதான் பெயர்.

(குமாஸ்தா கெட்டவரா? முதல் பிரதியில் அவருக்குக் கள்ளப் பார்வையெல்லாம் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். சாதாரண ஆள். தலை நிமிராத ஆள்.)

கடைசி நாற்காலிக்காரரைக் குமாஸ்தா கவனிக்காமலும் இல்லை. யாருக்கோ துணைக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டார். ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு அவர் அட்டை மடித்து வைத்ததைப் பார்த்து, “அட, பரவாயில்லையே!” என்று மெச்சக்கூடச் செய்தார். பெயரைத்தான் கேட்கவில்லை.

3

இருபத்து மூன்றாவது புதன்கிழமை மனைவியும் கூட வந்தார். குமாஸ்தா குரல் கொடுத்தார். மனைவி தோளைத் தட்ட, பட்டாளத்தார் எழுந்து நின்றார்.

“ஐயையோ, நீங்களா அது?” குமாஸ்தா ஓடி வந்தார். “இத்தனை வாரமா தொண்டை கிழியக் கத்தறேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அவருக்கு எப்படித் தம்பி கேக்கும்?” என்றார் மனைவி. “இடது காது சுத்தமா போச்சு, வலதுலயும் கிட்ட வந்து சொன்னாத்தான் கேக்கும். அதுக்குத்தானே கேஸே போட வந்தோம்!”

குமாஸ்தா மேசைக்கு ஓடினார். அடியிலிருந்து கட்டை உருவிப் பிரித்தார். முதல் பக்கம், மூன்றாவது வரி: ‘இடது செவி அறவே கேளாது.’ அதற்கு மேலே கெடு தேதி. போன வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது.

“ஏதாவது ஜெராக்ஸ் வேணுமா தம்பி?” என்று மனைவி கேட்டார். வேண்டும் என்று ஏதோ ஒரு காகிதத்தைக் கொடுத்து அவரைக் கீழே அனுப்பினார் குமாஸ்தா.

4

“காது கேக்காதுன்னு நம்மகிட்ட யாரும் சொல்லவே இல்லையே?” என்றார் வக்கீல், அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே.

“தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம் சார். கெடு முடிஞ்சதிலேருந்து முப்பது நாள் இருக்கு.”

“போடலாம்ப்பா. காரணம் எழுதணுமே. ஆபீஸ் தப்புன்னு நீ கையெழுத்துப் போடறியா?”

போட்டால் குமாஸ்தாவின் வேலை போய்விடும்.

“அப்ப கெடு முடிஞ்சுதுன்னு போய்ச் சொல்லிடு.”

5

முடிவு ஒன்று: குமாஸ்தா மார்பை நிமிர்த்திக் கையெழுத்துப் போடுகிறார். (நம்ப முடியவில்லை. எனக்கு அவரைத் தெரியும்.)

முடிவு இரண்டு: மனைவி வக்கீலின் மேசையில் ஓங்கி அடித்து— (அவர் கீழே ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார்.)

நடந்தது இது. குமாஸ்தா வெளியே வந்து, நாற்காலியருகே குனிந்து, “கெடு முடிஞ்சுபோச்சுங்க, எங்க தப்புதான்” என்று சன்னமாகச் சொன்னார். பட்டாளத்தார் சிரித்தார். “சரி தம்பி, புதன்கிழமை வந்துடறேன்.” மாடியேறி வந்த மனைவியிடமும் அதையே சொல்லி அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

குமாஸ்தா குனிந்தது இடது பக்கமாக.

6

திருடினேன் என்றது பொய். அந்த நோட்டு என்னுடையது. கையெழுத்தும் என்னுடையதுதான்.

இன்று செவ்வாய். மனு போட இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. காரணம் எழுத அதில் மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள். நான் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன், அந்த மூன்று வரி மட்டும் காலியாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

முடிவை உங்களிடம் விடுகிறேன். நாளைக்குப் பத்து மணிக்கு வந்துவிடுவார். கடைசி நாற்காலி. அவருக்கு வலப்பக்கம் சுவர் என்பதால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால்தான் அங்கே நின்று சொல்ல முடியும். நகர்த்தும்போது காலுக்கடியில் அவர் வைத்த அட்டை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.