உண்ணி மருந்து வாசம்

மலூட்டி மலையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், ஆய்வுக்கூடத்துக்குள்ளும் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல ஆகிவிடும். லிமாகாட்சோ அந்த மயக்கத்தோடுதான் பையைப் பிரித்தாள். அரசு அனுமதியோடு பண்ணையில் விளைந்த கஞ்சாப் பூ. எண்ணெயாக்கி அயல்நாட்டுக்கு அனுப்பினால், வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு மருந்து. அதற்கு முன் அவள் சோதனையில் தேற வேண்டும்.

முகர்ந்தாள். எலுமிச்சை, ஈரமண், அதற்கும் அடியில்... அட கடவுளே! தினமும் அவள் முகம் புதைத்துத் தூங்குகிற வாசம்.

கண்ணை மூடியதும் புருஷன் மொகேதியின் கம்பளிப் போர்வை வந்து கவிந்தது. கல்யாணத்தில் அவள் அப்பா போர்த்திவிட்டது. மேய்ச்சல் மலையில் ஆடுகளை உண்ணி மருந்தில் முக்கியெடுத்ததும், நடுங்கும் குட்டிகளை அதில்தான் சுற்றுவான். எத்தனை துவைத்தும் நெடி போகவில்லை. மாதக்கணக்கில் மலையில் கிடந்தவன் இந்தப் பண்ணை வேலை கிடைத்த பிறகுதான் வீட்டில் படுக்கிறான். வேலை போனால் மறுபடி மலைதான். புருஷன் வேலை பார்க்கும் இடத்தைப் பெண்டாட்டி சோதிக்கலாமா என்று கேட்காதீர்கள். அந்த மலைக்கே ஒரே ஆய்வுக்கூடம், ஊருக்கே தெரிந்த சங்கதி.

மதியத்துக்குள் இயந்திரமும் அதையே சொன்னது: பூச்சிமருந்து.

இரண்டாவது மாதிரி எடுக்கப் பண்ணைக்குப் போனாள். மேலாளர் லெபோனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"சட்டமே ரெண்டாந்தடவை எடுக்கலாம்னு சொல்லுதே. கோடியில கிடக்குற அந்த மூட்டையில மட்டும் எடு தாயி."

"எல்லா மூட்டையிலயும் கலந்து எடுக்கணும்னும் அதே சட்டம்தான் சொல்லுது, ஐயா."

"வாய் மட்டும் நல்லா இருக்கு!"

மொகேதி மூட்டைகளுக்கு நடுவில் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தலையைக் குனிந்துகொண்டான்.

"மோந்ததுமே கண்டுபிடிச்சிட்டியா?"

"பின்ன? கண்ட வாசமா அது?"

"செடிக் கொட்டகையில சூடு குடுக்குற மெஷின் ராத்திரி நின்னுபோச்சு. வெளியில உறைபனி. செடியெல்லாம் குட்டிங்க மாதிரி வெடவெடன்னு நடுங்குச்சு. கை தானா போர்வையை எடுத்து மாத்தி மாத்திப் போர்த்திடுச்சு."

கொல்லவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. பாவி மனுஷன், செடியை ஆடென்று நினைத்திருக்கிறான்.

"கோடி மூட்டையில இருக்கிறது போர்வை படாத செடியோட பூ. அவர் சொல்ற மாதிரி அதுல எடேன்" என்றான் மெல்ல.

குலப்பெயர் சொல்லி அழைத்தாள். செல்லம் கொஞ்சும்போது மட்டும் அழைக்கும் பெயர். "எல்லா மூட்டையையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துதானே எண்ணெய் எடுப்பாங்க, மோதௌங்? மருந்து குடிக்கிற பிள்ளைக்கு எந்த மூட்டைன்னு தெரியுமா?"

மூட்டைகளை அவனே பிரித்துக் காட்டினான். அவள் எல்லாவற்றிலும் எடுத்தாள். மறுபடியும் அதே முடிவு.

விதிப்படி முழு அறுவடையையும் அவள் கண்ணெதிரே எரித்தார்கள். புகையும் பனிமூட்டமும் கலந்து, மலையே கனவில் மிதப்பதுபோல இருந்தது. லெபோனா மொகேதியிடம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அவன் போர்வையைச் சுருட்டி அவளிடம் நீட்டினான். "இதையும் நெருப்புல போட்டுடட்டுமா, ஆய்வுக்காரம்மா?"

"வேணாம்" என்றாள். "மறுபடி ஆட்டுக்குத்தானே போற. அங்க குளிரும்."

அவன் மலையேறிய பிறகு, எதையும் மோப்பத்திலேயே கண்டுபிடிக்கிற அவள் மூக்கு, தலையணையில் அந்த நெடியைத் தேடிக்கொண்டே கிடந்தது.