இருபத்தேழாவது மாதம்

"...அப்ப இருபத்தேழு போட்டாச்சு. அடுத்த மாசம் வரும்போது தாள் நீயே வாங்கிட்டு வா. கார்டுல ஒம்பது கட்டந்தான் அடிச்சிருக்கான்."

"பசையும் சேத்து வாங்கிட்டு வரேன் நர்ஸக்கா."

கர்ப்பிணி கார்டின் அடியில் ஒட்டிய தாள்கள் மேசையைத் தாண்டித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. குழந்தையின் எடை மூன்று கிலோ. ஒன்பதாம் மாதம் நின்ற எடை, அதற்குப் பிறகு கூடவுமில்லை, குறையவுமில்லை. துடிப்பு சீராக இருந்தது.

"உள்ள சௌக்கியமாத்தான் இருக்கு. வெளிய வரத்தான் மனசில்ல போல."

"அதுக்கு மனசிருக்கு. நான்தான் விடல" என்றாள் பழம் பறிக்கிறவள்.

இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அவள் வேலை பார்த்த தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தால் வரிசை முனையில் சிவப்புக் கொடி நடவேண்டும், இரண்டு நாள் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. மேஸ்திரி காலையில் நட்ட கொடியை மத்தியானமே பிடுங்கிவிடுவார், பழம் காத்திருக்காது என்று. ஈரம் காயாத புல்லுக்குள் பெண்கள் இறங்கினார்கள். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போனது, அடுத்தது ஆறில். உன் உடம்புதான் பலவீனம் என்றது தோட்டத்து ஆபீஸ். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால் வேலை நிரந்தரம் என்று ஒரு படிவத்தையும் நீட்டியது. அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்றாவது தங்கியபோது, தும்மலை அடக்குவதுபோல அடக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் வருஷம் இப்படிப் பெறாமல் பிடித்துக்கொள்வது வரிசைக்கு வரிசை பரவியது. மொத்தம் பத்தொன்பது பேர். மருந்து வாடை வந்ததும் அவர்கள் வயிறு பாறையாகக் கனத்துவிடும், நாலு ஆள் சேர்ந்து தள்ளினாலும் ஒருத்தியும் வரப்பைத் தாண்டமாட்டாள். பழம் மரத்திலேயே அழுகியது. "எம்புள்ள மீசையோடதான் வரப்போறான்" என்று அவள் புருஷன் டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இருபத்தேழு போட்ட அன்று தோட்டத்து மேனேஜரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். செருப்பில் அழுகின பழம் ஒட்டியிருந்தது.

"பெத்துடும்மா. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும் சார். இத்தன நாள் அழுதாச்சே."

ஜன்னலுக்கு வெளியே பதினெட்டு வயிறுகள் வரிசையாக நின்றன. நர்ஸ் இருபத்தெட்டாவது கட்டத்துக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பழம் பறிக்கிறவள் இடுப்பிலிருந்த படிவத்தைப் பிரித்து, மடிப்பை நீவிவிட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி மேனேஜர் முன்னால் வைத்தாள். நர்ஸ் கையிலிருந்த பேனாவையும் வாங்கி அதன்மேல் வைத்தாள்.

"இனிமே இந்தத் தோட்டத்துல மருந்து அடிக்கமாட்டோம்னு எழுதுங்க சார். எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."