சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

ரிப்போர்ட் கூடத்தின் நடுவே தரையில் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன் ஓரத்தில் ஒரு செருப்பை வைத்திருந்தார்கள். பரிசோதனைக்கூடத்தில் அதை வாங்கி வந்தவன் மகன்தான். ஆனால் அவன் கையிலிருந்து அதை வாங்கும்போது மாமியார் தன் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டாள். காகிதத்தில் நோய் ஒட்டியிருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயங்கள் நம் வீடுகளில் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

மருமகள் பின்கதவின் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றாள். இந்தப் பக்கம் வர அவளுக்கு அனுமதி இல்லை. மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரியில் படுத்து, அது ஹெபடைட்டிஸ் பி என்று தெரிந்து வீடு திரும்பிய நாளிலிருந்து பின்பக்கத் தாழ்வாரம்தான் அவள் இடம். ஒரு பாய், அவளுடைய தையல் மெஷின், ஒரு தட்டு, ஒரு தம்ளர். தட்டு மாறிப்போய்விடக் கூடாதென்று நாத்தனார் தன் நெயில் பாலிஷை எடுத்து வந்து இரண்டிலும் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துக் கொடுத்து, பாட்டிலைக் கூடத்து அலமாரியிலேயே விட்டுப் போனாள். சமைக்கக் கூடாது, தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது. கக்கூஸ் கழுவுவதற்கு மட்டும் தடையில்லை. அந்த வேலை செய்யும்போது தொற்றாத நோய் போலிருக்கிறது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் குட்டி. இரண்டு வயதுப் பெண். அம்மாவுக்கு நோய் என்று சொல்லி அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அந்த ரிப்போர்ட் நல்லா வரட்டும், உன் புள்ளையை உன் கையில குடுத்துடுறோம்" என்று மாமியார் வாக்குக் கொடுத்தாள். அந்த ரிப்போர்ட்தான் இப்போது செருப்புக்கு அடியில் கிடந்தது.

வீட்டில் இங்கிலீஷ் படித்தவர் நாத்தனாரின் கணவர் ஒருவர்தான். ஏதோ ஒரு ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் உட்காரும் வேலை. அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, தொடாமல் படித்தார்.

"முதல்ல ஒண்ணு போட்டிருக்கு. ஆன்டிஜென். அது நெகடிவ்."

மருமகளுக்கு மூச்சு வந்தது. நெகடிவ் என்றால் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"இருங்க, இருங்க. கீழ இன்னொண்ணு இருக்கு. ஆன்டிபாடி. அது பாசிட்டிவ்." அவர் இன்னும் குனிந்தார். "பக்கத்துல அளவு போட்டிருக்கான். பத்துக்குக் கீழ இருந்தா நெகடிவாம். இவளுக்கு இருநூத்திச் சொச்சம் இருக்கு."

"அப்படின்னா?" என்றாள் மாமியார்.

ஆபீஸ்காரர் நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "பழசு போயிடுச்சு. இப்ப புதுசா வேற ஒண்ணு வந்திருக்கு. அதுவும் அளவுக்கு மீறி."

"ஒண்ணுக்கு ரெண்டா" என்று மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டாள். "நான் அன்னைக்கே சொன்னேன். நம்ம வீட்டுல யாருக்கும் இல்லாத சீக்கு இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு? அளவெடுக்கறேன், துணி குடுக்கறேன்னு ஊரெல்லாம் போய்வந்தாளே, கேட்டோமா?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம் அத்தை" என்றாள் மருமகள்.

"என்னத்தக் கேக்கறது? அவரு படிச்சவரு, படிச்சுச் சொல்றாரு. உனக்கு அவரைவிட அதிகமா தெரியுமா?"

கணவன் சுவரில் சாய்ந்து நின்றான். பெயின்ட் கடையில் நிறம் கலக்கித் தருகிற வேலை அவனுக்கு. நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது. அதையே சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் நகத்தைப் பார்த்தான்.

அவளுடைய அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவன் வந்து வாசலோடு நின்றுகொண்டான். அழைத்துக்கொண்டு போய்விடு, இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது என்று மாமியார் சொன்னபோது அவன் சண்டை போடவில்லை. சண்டை போடுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க வீட்டுல கைக்குழந்தை இருக்குங்க. என் பொண்டாட்டி பயப்படுறா. ஒரு ரூம் பாத்துக் குடுத்துடுறேன், தனியா இருந்துக்கட்டும்" என்றான்.

"நீயுமா அண்ணா?"

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு. எனக்கும் புள்ளைங்க இருக்குல்ல."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் பிள்ளைக்காக அவன் பயப்படலாம், இவள் மட்டும் தன் பிள்ளையை விட்டுவிட்டுத் தனி அறையில் போய் உட்கார வேண்டும். போன வாரம் நாத்தனார் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று அவள் குட்டியைப் பார்த்தாள். குட்டி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதாள். "அம்மா" என்று கூப்பிட்டபடி ஓடினாள். ஓடியது அத்தையிடம். கேட்டுக்கு வெளியே நிற்பவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் குட்டிக்கு இப்படி ஒருத்தி இருந்ததே நினைவிருக்காது.

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் போயிடறேன். எங்க போகச் சொன்னாலும் போறேன், எதுல கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடறேன். ஆனா நாளைக்கு இவரு என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். எனக்கு என்ன சீக்குன்னு டாக்டர் வாயால கேட்டுட்டு வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் நான் நகரமாட்டேன்."

மாமியார் யோசித்தாள். டாக்டரே சொல்லிவிட்டால் நாளைக்கு நம்மை யாரும் குறை சொல்ல முடியாது என்று அவளுக்குப் பட்டது. "போயிட்டு வாடா" என்றாள் மகனிடம். "வண்டியில ஒட்டி உக்காராத."

அவன் வண்டியில் போனான். அவள் பஸ்ஸில் போனாள்.

ஆஸ்பத்திரியில் கல்லீரல் பிரிவுக்கு வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். அவன் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். படுத்திருந்தபோது பார்த்த அதே பெண் டாக்டர்தான். ரிப்போர்ட்டை வெறும் கையால் வாங்கினாள். அதைப் பார்த்தே மருமகளுக்கு அழுகை முட்டியது.

"ரொம்ப நல்லது. குணமாயிட்டீங்க" என்றாள் டாக்டர்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "பாசிட்டிவ்னு போட்டிருக்காமே டாக்டர். பத்துக்குள்ள இருக்கணுமாம், இருநூறு இருக்காம்."

"யார் சொன்னது?" டாக்டர் பேனாவால் முதல் வரியைத் தொட்டாள். "இதுதான் கிருமி. இது இல்லைன்னு வந்திருக்கு. ரெண்டாவது இருக்கே, அது உங்க உடம்பு அந்தக் கிருமியை அடிச்சு வெரட்டினதுல உண்டான எதிர்ப்பு சக்தி. அது பத்துக்கு மேல இருக்கணும், கீழ இருந்தாத்தான் கவலைப்படணும். இனிமே இந்தக் கிருமி உங்ககிட்ட சாதாரணமா வாலாட்டாது. ஈரல் டெஸ்டும் சரியா இருக்கு."

அவள் சந்தோஷப்படவில்லை. அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "அப்ப என் புள்ளையை நான் தூக்கலாமா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "எப்பவுமே தூக்கியிருக்கலாமே. யாரு வேணாம்னு சொன்னது? தூக்கறதுலயும் முத்தம் குடுக்கறதுலயும் ஒரே தட்டுல சாப்பிடறதுலயும் இது வராதும்மா. ரத்தத்துல வரும், புருஷன் பொண்டாட்டி உறவுல வரும், பிரசவத்துல தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு வரும். உங்க குழந்தைக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. இதெல்லாம் நான் அன்னைக்கே உங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினேனே. வீட்டுல இருக்கற எல்லாரையும் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். அவரையும்தான். வரவே இல்லையே."

மருமகள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் மறுபடியும் நகத்தைச் சுரண்டத் தொடங்கியிருந்தான்.

இவன் எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். தட்டில் பொட்டு வைத்தபோது தெரியும், பிள்ளையைத் தூக்கிப் போனபோது தெரியும், எங்கிருந்து வந்த சீக்கு என்று மாமியார் கேட்டபோதும் தெரியும். ஒரு வார்த்தை பேசினால் டெஸ்டுக்குத் தானும் கையை நீட்ட வேண்டியிருக்கும் என்று ஆறு மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தான். பாவி. கொடுமைக்காரனாக இருந்திருந்தால்கூட அவள் மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவன் வெறும் பயந்தாங்கொள்ளி.

"இன்னைக்கு ரத்தம் குடுங்க" என்றாள் டாக்டர் அவனிடம். தப்பிக்க வழியில்லாமல் கொடுத்தான்.

முடிவு வந்தபோது இருவரும் மறுபடி போனார்கள். அவனுக்குக் கிருமி இருந்தது. புதிதாக வந்தது அல்ல, பல வருஷமாக உள்ளேயே இருப்பது என்று கூட எடுத்த இன்னொரு டெஸ்ட் காட்டியது.

"எனக்கு ஒண்ணுமே செய்யலையே டாக்டர். ஒரு நாள்கூடப் படுத்ததில்லையே."

"அப்படித்தான் இருக்கும். சின்ன வயசுல வந்தா சத்தமில்லாம தங்கிடும். பெரும்பாலும் பொறக்கும்போது அம்மாகிட்ட இருந்து வர்றது. உங்ககிட்ட இருந்துதான் இவங்களுக்கு வந்திருக்கணும். யார் மேலயும் தப்பு இல்ல, யாருக்கும் தெரிஞ்சு வர்றது இல்ல. பயப்படாதீங்க. கிருமி எவ்வளவு இருக்குன்னு பாப்போம், ஈரலை ஸ்கேன் பண்ணுவோம். மாத்திரை வேணுமா வேண்டாமான்னு அதுக்கப்புறம் முடிவு. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வந்து காட்டணும். நல்லா இருக்கேன்னு விட்டுடக் கூடாது, குடிக்கக் கூடாது. உங்க அம்மாவையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் அவன் கூடத்தில் உட்கார்ந்து அழுதான். விஷயத்தைக் கேட்டு மாமியாரும் அழுதாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியில் முத்தம் கொடுத்து, மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பிளாஸ்டிக் பை அவள் ஞாபகத்துக்கே வரவில்லை.

"உழைச்சு உழைச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டான்" என்றாள். அவன் எப்போதும் சாப்பிடும் தட்டிலேயே சாப்பாட்டைப் போட்டு அவன் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பின்பக்கம் வந்து, மருமகளிடம் குரலைத் தாழ்த்தினாள். உள்ளே வா என்று கூப்பிட்டது அன்றுதான்.

"இந்தா பாரு. வெளிய மூச்சு விடக்கூடாது. கடையில தெரிஞ்சா வேலை போயிடும், தெருவுல தெரிஞ்சா மானம் போயிடும். அப்படியே யாராவது கேட்டா உன்கிட்ட இருந்து வந்ததுன்னு சொல்லிக்கலாம். உனக்கு இருந்ததுதான் ஊருக்கே தெரியுமே. புதுசா ஒண்ணும் கெட்டுப்போகாது."

மருமகள் பாயைச் சுருட்டினாள்.

"உனக்குத்தான் இனிமே ஒட்டாதாமே. அவன் துணிமணி, ஏனம், பாத்திரம் எல்லாம் நீயே பாத்துக்க. நான் வயசானவ."

"சரி அத்தை. குட்டியைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றாள் அவள். மாமியார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள். முன்வாசல் வழியாகப் போனாள்.

நாத்தனார் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே நுழைந்தாள். "என்ன இது, நீ பாட்டுக்கு உள்ள வர்ற" என்றாள் நாத்தனார். ஆபீஸ்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"எனக்குக் குணமாயிடுச்சு அண்ணி. டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. பத்துக்கு மேல இருந்தாத்தான் நல்லதாம்" என்று அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள். "என் புள்ளையைக் குடுங்க."

குட்டி வர மாட்டேன் என்று அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். அவள் பிடுங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அழுது ஓய்ந்த பிறகு குட்டி அவள் வளையலைத் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் அவள் விரலை. கடைசியில் மடியில் ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் பின்னாலேயே பேசிக்கொண்டு வீடுவரை வந்தாள்.

கூடத்தில் அவன் இன்னும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மருமகள் தாழ்வாரத்துக்குப் போய்ச் சிவப்புப் பொட்டு வைத்த தட்டை எடுத்து வந்தாள். அடுப்படிக்குள் போய்த் தானே சாப்பாடு போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில், ரிப்போர்ட் கிடந்த அதே இடத்தில், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வாயை ஊட்டினாள்.

"அந்தத் தட்டுலயா?" மாமியார் பதறினாள். "குழந்தைக்கா?"

"இந்தத் தட்டுக்கு என்ன அத்தை? இந்த வீட்டுல டெஸ்ட் பண்ணி, ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொன்னது இந்தத் தட்டுல சாப்பிட்டவளை மட்டும்தான்." அவள் இரண்டாவது வாயை உருட்டினாள். "உங்க புள்ளைக்கு இப்ப வந்தது இல்லையாம். பொறக்கும்போதே வந்திருக்கலாம்னாங்க. உங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. நாத்தனார், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றவள், தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். பெற்ற மகள் நகர்ந்த அந்த ஒரு அடியைப் பார்த்துக்கொண்டே அவள் சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள்.

"பயப்படாதீங்க அத்தை" என்றாள் மருமகள், குட்டியின் வாயைத் துடைத்துவிட்டு. "நெயில் பாலிஷ் அலமாரிலதான் இருக்கு. நான் யார் தட்டுலயும் வைக்க மாட்டேன்."